விரிசல் சோதனை: ஏ.டி. கைக்கு வந்தது முதல் கையெழுத்து வரை

விமானப் பாகங்களில் விரிசல் சோதனை என்றதும் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் தேடுவது டார்ச் லைட்டை. நான் அவர்களை மேசைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துவிடுவேன். முதல் ஒரு மணி நேரம் காகித வேலைதான். இந்தத் தொழிலில் முதல் பாதியை விமானங்களிலும் மறுபாதியை ஹெலிகாப்டர்களிலும் கழித்திருக்கிறேன். கண்ணுக்குத் தப்பிய விரிசல்களைவிட, யாரும் தேடவே போகாமல் தப்பிய பாகங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காகிதம் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், விமானப் பாதுகாப்புக்கான கட்டாய உத்தரவு. நாங்கள் சொல்வது ஏ.டி. தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் பெரும்பாலும் ஆலோசனை. அதே விஷயத்தை அரசு அமைப்பு ஏ.டி.யாக வெளியிட்டுவிட்டால் அது சட்டம். எண்ணைப் பார்த்தாலே கொஞ்சம் விஷயம் தெரியும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் எண்ணில் முதலில் வருடம், அடுத்தது அந்த வருடத்தின் எத்தனையாவது இரண்டு வாரக் கட்டு என்பது, கடைசியில் வரிசை எண். கடைசி எண் 51, 52 என்று இருந்தால் அது அவசர ஏ.டி. ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசா தரும் எண்ணில் கடைசியில் ‘ஈ’ என்ற எழுத்து இருந்தால் அதுவும் அவசரம். அப்படி ஒன்று வந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

ஏ.டி.யில் முதலில் படிக்க வேண்டியது யாருக்குப் பொருந்தும் என்ற பத்தி. விமான மாடல் பெயரைப் பார்த்துவிட்டு ‘நம்முடையது இல்லை’ என்று மூடி வைக்காதீர்கள். பல ஏ.டி.கள் பாகத்தைத்தான் துரத்துகின்றன. பார்ட் நம்பர், சில நேரம் சீரியல் நம்பர் வரை. ஹெலிகாப்டர் பாகங்கள் ஒன்றிலிருந்து கழன்று இன்னொன்றில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் பாகத்தின் வரலாற்றை எழுதி வைக்கும் லாக் கார்டில் இருக்கும் எண்ணை நம்பி நிறுத்தக் கூடாது. பாகத்தின் மேலேயே படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தடவை டெயில் ரோட்டர் பிளேடு ஒன்று. கார்டில் சீரியல் நம்பரின் கடைசி இலக்கம் 3. கார்டுப்படி அந்த ஏ.டி. எங்களுக்குப் பொருந்தாது. பிளேடின் வேர்ப்பக்கத்தில் பெயிண்ட் படிந்த எண்ணைத் துணியால் துடைத்து, கண்ணாடி வைத்துப் பார்த்தால் அது 8. அந்தப் பிளேடில் முன்பு வேலை பார்த்த பட்டறை ஒன்றில் இரண்டு பிளேடுகளின் கார்டுகள் மாறிப்போயிருந்தன. எங்கள் பிளேடு 40 மணி நேரத்துக்கு முன்பே சோதனைக்குப் போயிருக்க வேண்டியது. விரிசல் இல்லை, சரி. ஆனால் அந்த 40 மணி நேரத்தில் அந்த ஹெலிகாப்டரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து போனவர்களை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் கெடு. மணி நேரம், சைக்கிள், நாள், இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அது. ஒரு சைக்கிள் என்பது ஒரு தடவை ஏறி இறங்குவது. 2019இல் போயிங் 737 என்.ஜி. விமானங்களில் இறக்கையையும் உடலையும் இணைக்கும் ‘பிக்கிள் ஃபோர்க்’ பாகத்தில் விரிசல் தெரிந்தபோது எஃப்.ஏ.ஏ. கொடுத்த ஏ.டி.யைப் பாருங்கள். 30,000 சைக்கிள் தாண்டியவற்றுக்கு 7 நாள். 22,600 முதல் 29,999 வரை உள்ளவற்றுக்கு அடுத்த 1,000 சைக்கிளுக்குள். ஒரே ஏ.டி., இரண்டு கெடு. உங்கள் விமானம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை லாக் புக்கைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், உலோகம் களைப்பது பறந்த நேரத்தால் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் உடல் உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 737 ஒன்றின் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்ந்து போனது. அது பறந்தது சுமார் 35,000 மணி நேரம்தான், ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக 89,680 சைக்கிள். ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைப் பார்த்த பயணி ஒருவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. எடை தூக்கும் ஹெலிகாப்டர்களில் கணக்கு இன்னும் சிக்கல். ஒரே மணி நேரத்தில் இருபது தடவை சுமை தூக்கி இறக்கியிருந்தால், சில பாகங்களுக்கு அந்த ஒவ்வொரு தூக்கலும் கணக்கில் சேரும். பைலட்டுகள் அதைச் சரியாக எழுதுகிறார்களா என்று மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

சரி, இனி பாகத்திடம் போகலாம்.

சுத்தம் செய்வதுதான் பாதிச் சோதனை

விரிசல் என்பது மெல்லிய வாய். அந்த வாயை நீங்களே மூடிவிடக் கூடாது. பெயிண்டை எடுக்கக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் மணல் அடிப்பதும் மென்மையான உலோகத்தை இழுத்து விரிசலின் மேல் பூசிவிடும். பிறகு எந்தத் திரவமும் உள்ளே போகாது, பாகம் கன்னம் வழித்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும். ஏ.டி. சொல்லும் ரசாயனத்தைக் கொண்டு, சொல்லும் நேரம் வரை ஊறவிட்டு எடுங்கள். கழுவிய பின் முழுக்கக் காய வேண்டும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், விரிசலுக்குள் தண்ணீர் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பெனட்ரண்ட், அதாவது விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் திரவம், நுழையாது.

பெனட்ரண்ட் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதிகமாகச் சொதப்புவது இதில்தான். ஒளிரும் திரவத்தைப் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம், பல இடங்களில் 20 அல்லது 30. பிறகு மேற்பரப்பில் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். இங்கேதான் கை துறுதுறுக்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன திரவமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அடுத்து டெவலப்பர், வெள்ளை மாவு போல. அது உள்ளிருக்கும் திரவத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். மறுபடி காத்திருப்பு.

பிறகு பாகத்தை இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். உள்ளே போனதும் உடனே பார்க்கத் தொடங்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது வேண்டும், நான் மூன்று நிமிடம் கொடுப்பேன். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றி வையுங்கள், அது புற ஊதா ஒளியிலும் கறுக்கும். விளக்கின் பலத்தையும் அன்றன்றைக்கு அளந்து எழுத வேண்டும். 38 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோவாட் என்பது வழக்கமான குறைந்தபட்சம். அறையில் கசியும் சாதா வெளிச்சம் 20 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது.

உண்மையான விரிசல் எப்படித் தெரியும்? முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ஊசியால் குத்தியது போல மஞ்சள் கலந்த பச்சைப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகும். கைரேகை, நூல், துணிப்பிசிறு எல்லாம்கூட ஒளிரும். சந்தேகம் வந்தால் கரைப்பான் லேசாக நனைத்த பஞ்சால் ஒரே ஒரு தடவை துடைத்து, மேலே கொஞ்சம் டெவலப்பர் போட்டுப் பாருங்கள். அழுக்கு போனால் போனதுதான். விரிசல் மெதுவாக மறுபடி எழுதிக் காட்டும்.

சுழல் மின்னோட்டத்தால் விரிசல் தேடும் எடி கரண்ட், ஒலி அலையால் தேடும் அல்ட்ராசோனிக் கருவிகளைப் பற்றி ஒன்றே ஒன்று. அதே உலோகத்தில் செயற்கையாகக் கோடு வெட்டிய மாதிரித் துண்டில் வேலைக்கு முன்னாலும் வேலை முடிந்த பின்னாலும் கருவியைச் சோதியுங்கள். முடிந்த பிறகு துண்டிலுள்ள கோடே தெரியவில்லை என்றால், கடைசியாகச் சரியாக இருந்த நேரத்துக்குப் பின் பார்த்த எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இரும்புப் பாகங்களுக்கான காந்தத் துகள் முறையில் இரண்டு திசையிலும் காந்தமேற்றுங்கள். காந்தப் புலத்துக்கு இணையாக ஓடும் விரிசல் சிக்காது.

வெறும் கண் சோதனையை யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம். டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் சமதளமாகத் தெரியும். வெளிச்சத்தைப் பரப்போடு ஒட்டிச் சாய்த்து, உங்கள் முகத்தை நோக்கி வரும்படி பிடியுங்கள், விரிசலின் விளிம்பு நிழல் போடும். பிறகு 10 மடங்கு லென்ஸ். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி வால் நீண்டிருந்தால் அங்கே அலுமினியம் உரசிக்கொண்டிருக்கிறது. இரும்பில் சிவப்புத் தூள் வரும். கிரீஸ் கசியக் கூடாத இடத்தில் மயிரிழை அளவு ஈரக்கோடு இருந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள், முதலில் படம் எடுங்கள். பெயிண்டில் மட்டும் விரிசலா, உலோகத்திலா என்பதை நகத்தால் சுரண்டி முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயிண்டை எடுத்துவிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

ஹெலிகாப்டர் கியர் பாக்ஸில் உலோகத் துகள் காட்டும் சிப் டிடெக்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு 2016 ஏப்ரல் 29ஐ நினைவூட்டுவேன். நார்வேயின் டூரோய் அருகே ஈசி225 ஹெலிகாப்டர் ஒன்றின் பிரதான ரோட்டர் நடுவானில் கழன்றது. 13 பேர் இறந்தார்கள். காரணம் கியர் பாக்ஸில் நடுச் சக்கரத்தைச் சுற்றி வரும் ஒரு கோள் பல்சக்கரத்தில் களைப்பு விரிசல். பரப்பில் ஒரு நுண்ணிய குழியில் தொடங்கி உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது, வெளியில் போதுமான துகள் உதிரவே இல்லை.

இருக்கிறது என்று நினைத்தே பாருங்கள்

1989 ஜூலை 19. யுனைடெட் 232, டிசி-10 விமானம். வால் எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்து, விமானத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போய், அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். அந்தத் தட்டை 760 சைக்கிளுக்கு முன்னால்தான் பெனட்ரண்ட் முறையில் சோதித்திருந்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1996 ஜூலை 6 அன்று பென்சகோலாவில் ஓர் எம்.டி.-88 விமானத்தின் விசிறி மையத் தட்டு ஓடுபாதையிலேயே வெடித்து இரண்டு பயணிகள் இறந்தார்கள். அங்கேயும் சோதனையில் விரிசல் தப்பியிருந்தது. முதல் விபத்தின் அறிக்கையில் அமெரிக்க விசாரணை அமைப்பு குற்றம் சொன்னது திரவத்தையோ விளக்கையோ அல்ல. பார்ப்பது மனிதன், அவனுக்கு எல்லை உண்டு என்பதைச் சோதனை முறை போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றது.

எனக்குப் புரிந்தது இதுதான்: நூறு பாகம் பார்த்து நூறிலும் ஒன்றும் இல்லை என்றால் நூற்றொன்றாவதைக் கண் பார்க்கும், மனம் பார்க்காது. அதனால் சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து லென்ஸில் கண் வைப்பதில்லை. விசிறி பிளேடுகளை எண்ணிட்டு, முதல் பிளேடில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தனியாக டிக் போடுவேன். சிஎஃப்எம்56-7பி எஞ்சினில் 24 பிளேடு என்றால் 24 டிக். 2018இல் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் உடைந்தது அந்த 24இல் ஒன்றுதான். நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து மூன்று பிளேடு பின்னால் போய்த் தொடங்குவேன். அதிகாலை மூன்று மணிக்கு விரிசல் தேடச் சொல்லும் மேலாளரிடம் ஆறு மணிக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், கெடு இடம் கொடுக்கும்போது. முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

கிடைத்துவிட்டால்

கையை எடுங்கள். விரிசலின் நுனியில் ஓட்டை போட்டு நிறுத்துவது பழைய வித்தைதான், ஆனால் ஏ.டி.யோ அங்கீகரித்த பழுதுக் குறிப்போ சொன்னால் ஒழிய டிரில்லைத் தொடக் கூடாது. பென்சிலால் குறிக்காதீர்கள், கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். அனுமதித்த மார்க்கரால் இரண்டு நுனிகளையும் குறித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சிவப்பு டேக் கட்டுங்கள். ‘அடுத்த பறப்புக்கு முன்’ என்று ஏ.டி. சொன்னால் பக்கத்து ஹாங்கருக்குப் பறப்பதும் பறப்புதான். தனி அனுமதி இல்லாமல் நகராது, சில ஏ.டி.கள் அந்த அனுமதிக்கும் இடம் தருவதில்லை. ஏ.டி. சொன்ன வழியை விட்டு வேறு வழியில் செய்ய விரும்பினால் மாற்று முறைக்கான அனுமதியை அந்த அரசு அமைப்பிடமே வாங்க வேண்டும். தயாரிப்பாளரின் பிரதிநிதி ‘பரவாயில்லை’ என்று அனுப்பிய மெயில் போதாது.

கிடைக்காவிட்டாலும் வேலை முடியவில்லை. ‘பார்த்தாச்சு, ஓகே’ என்று எழுதிய பதிவுகளை நிறையக் கிழித்திருக்கிறேன். எழுத வேண்டியது: ஏ.டி. எண், திருத்தம், எந்தப் பத்தி, எந்த முறை, புல்லட்டினின் எந்தப் பதிப்பு, பாகத்தின் பார்ட் நம்பர், சீரியல் நம்பர், அன்றைய மணி, சைக்கிள், கருவியின் எண், அடுத்த சோதனை எப்போது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஏ.டி.யில் கடைசியில் சொன்னதுதான் உயிர். பாகத்தை மாற்றினால் முடிவுக்கு வரும் ஏ.டி. என்றால் அதையும் குறிக்க வேண்டும். சில ஏ.டி.கள் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கச் சொல்லும், அந்தப் பத்தி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் டூல் பலகையைப் போய்ப் பாருங்கள். ஒரு நாள் எல்லாம் எழுதி முடித்து எழுந்தபோது கைக்கண்ணாடியின் இடம் மட்டும் காலியாக இருந்தது. ஹெலிகாப்டரின் நீண்ட வால் பகுதியான டெயில் பூமின் சோதனை மூடியை 16 ஸ்க்ரூ கழற்றி மறுபடி திறந்தோம். நான் வைத்த இடத்திலேயே, கன்ட்ரோல் கம்பிக்கு இரண்டு விரல் தள்ளி, டார்ச் வெளிச்சத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.