சூப்பர்ஹீரோ தொடருக்குத் தியரி கட்டுவது எப்படி? வாண்டாவிஷனை வைத்து ஒரு செய்முறை

2021 ஜனவரி 15 முதல் மார்ச் 5 வரை மார்வெலின் வாண்டாவிஷன் தொடர் வாராவாரம் வந்துகொண்டிருந்தபோது ரசிகர்கள் கட்டிய தியரிகளில் (கதை எப்படிப் போகும் என்ற ஊகங்களில்) இரண்டு எங்கே திரும்பினாலும் காதில் விழுந்தன. பக்கத்து வீட்டு ஆக்னஸ் உண்மையில் அகதா ஹார்க்னஸ் என்ற சூனியக்காரி என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால் மெஃபிஸ்டோ என்ற சாத்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது மற்றொன்று. முதலாவது 7ஆம் எபிசோடில் பலித்தது. இரண்டாவது ஆள் கடைசிவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு கூட்டமும் பார்த்தது ஒரே எபிசோடுகள், புரட்டியது ஒரே காமிக்ஸ். கட்டிய விதத்தில்தான் வித்தியாசம். அந்த விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். வாண்டாவிஷன் முழுக்கதை, தி ஃபிளாஷ் முதல் சீசன், ஆரோ நான்காம் சீசன் ஆகியவற்றின் முடிச்சுகள் கீழே அவிழ்ந்து கிடக்கின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். வாண்டாவிஷன் கதை சுருக்கமாக: மாயசக்தி கொண்ட வாண்டா ஒரு ஊரையே மயக்கத்தில் ஆழ்த்தி, பழைய சிட்காம் (டிவி நகைச்சுவைத் தொடர்) உலகமாக மாற்றி, அங்கே கணவன் விஷனோடு குடித்தனம் நடத்துகிறாள்.

தேவையானவை: ஒரு நோட்டு அல்லது எக்ஸெல் ஷீட், ஹெட்ஃபோன், ஆங்கில சப்டைட்டில், ஒவ்வொரு எபிசோடையும் இரண்டு முறை பார்க்கும் பொறுமை.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"இந்தத் தொடரில் என்னதான் நடக்கிறது?" என்று தொடங்கினால் எந்தப் பதிலும் பாதி சரியாகத்தான் இருக்கும். பலித்ததா பொய்த்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. "ஊரை வெளியிலிருந்து விசாரிக்கும் எஃப்பிஐ அதிகாரி ஜிம்மி வூவின் பலகையில் ஆக்னஸுக்கு நிஜ அடையாளம் ஏன் ஒட்டப்படவில்லை?" என்று கேளுங்கள். ஒரு ஆள், ஒரு பொருள் அல்லது ஒரு காட்சி. அவ்வளவு போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு "இந்த ஆள் உண்மையில் யார்?" வகைக் கேள்வி தோதானது. மாறுவேடக்காரருக்குத் திரையில் தடயம் விட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் குட்டு உடையும்போது பார்க்கிறவர் ஏமாந்ததாக உணர்வார். "யார் சாகப்போகிறார்கள்?" வகையைத் தள்ளிவையுங்கள். ஆரோவின் நான்காம் சீசன் முதல் எபிசோடில் (2015 அக்டோபர்) நாயகன் ஒலிவர் ஒரு கல்லறை முன் நிற்பான். யாருடைய கல்லறை என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அது அவன் கூட்டாளி லாரலின் கல்லறை என்பது 2016 ஏப்ரலில் தெரிந்தது. அந்த முதல் காட்சியை எடுத்தபோது யாரைப் புதைத்திருக்கிறோம் என்று தாங்களே முடிவு செய்திருக்கவில்லை என்று தயாரிப்பாளர்களே சொல்லிவிட்டார்கள். எழுதுகிறவருக்கே தெரியாத விடையை எந்தத் தடயத்திலிருந்து எடுப்பது?

படி 2: முதல் முறை சும்மா, இரண்டாம் முறை பாஸ் போட்டு

முதல் முறை நோட்டைத் தொடாதீர்கள். எங்கே சிரிப்பு வந்தது, எங்கே ஏதோ இடித்தது என்பது மட்டும் மனதில் நிற்கட்டும். இடித்த இடம்தான் இரண்டாம் முறை பாஸ் போட வேண்டிய இடம். ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும், அதனால் நிமிடமும் நொடியும் குறித்து, கண்ணில் பட்டதை வார்த்தையில் எழுதுங்கள்.

எதைப் பார்ப்பது? தொடர் தானே வகுத்த விதி எங்கே மீறப்படுகிறது என்பதை. வாண்டாவிஷனில் சிட்காம் பகுதிகள் பழைய டிவி போலச் சதுரமான 4:3 சட்டத்தில் வரும். 3ஆம் எபிசோட் முடிவில் ஜெரால்டின் என்ற பெண் ஊருக்கு வெளியே தூக்கி வீசப்படும்போது சட்டம் இரண்டு பக்கமும் விரியும். கறுப்பு வெள்ளையில் ஓடும் 2ஆம் எபிசோடில் பொம்மை ஹெலிகாப்டர் மட்டும் கலரில் கிடக்கும். இவை இயக்குநர் விரல் நீட்டிக் காட்டும் இடங்கள்.

அதே 2ஆம் எபிசோட் முடிவில் சாக்கடை மூடியைத் திறந்துகொண்டு ஒரு தேனீ வளர்ப்பவர் வருவார். காமிக்ஸில் மஞ்சள் உடையும் அதே போன்ற தலைமூடியும் அணியும் ஏஐஎம் என்ற வில்லன் கும்பல் உண்டு என்பதால் "ஏஐஎம் வந்துவிட்டது" என்று ஒரு தியரி கிளம்பியது. 4ஆம் எபிசோடில் விஷயம் தெரிந்தது: ஊரை வெளியிலிருந்து கண்காணிக்கும் ஸ்வார்ட் என்ற அரசு அமைப்பு சாக்கடை வழியாக அனுப்பிய ஆள், அவர் போட்டிருந்த பாதுகாப்பு உடையை ஊருக்குள் நுழைந்ததும் வாண்டாவின் மாயம் மாற்றிவிட்டது. கலர் ஹெலிகாப்டரும் அதே அமைப்பின் ட்ரோன்தான். இரண்டு தடயத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள் "வெளியிலிருந்து வருகிற பொருள் உள்ளே உருமாறுகிறது" என்ற விதியை இரண்டு வாரம் முன்பே பிடித்திருக்கலாம்.

தி ஃபிளாஷ் முதல் எபிசோட் (2014 அக்டோபர் 7) முடிவையும் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருந்த, நாயகனின் வழிகாட்டியான விஞ்ஞானி வெல்ஸ் எழுந்து நடந்து ரகசிய அறைக்குப் போகிறார். அங்கே 2024 ஏப்ரல் 25 தேதியிட்ட செய்தித்தாள், நெருக்கடியில் ஃபிளாஷ் மறைந்துபோனதாகத் தலைப்பு. இப்படி நேரடியாகக் காட்டிய பொருள் தொடர் எழுதிக்கொடுத்த கடன்பத்திரம், என்றாவது தீர்த்தே ஆகவேண்டும். வெல்ஸின் வேஷம் 15ஆம் எபிசோடில் கலைந்தது. நெருக்கடியோ 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது, செய்தித்தாளின் தேதியைக் கதையே மாற்றிக்கொண்டது. "நடக்கும்" என்று பந்தயம் கட்டலாம். "எப்போது" என்பதில் கட்டாதீர்கள்.

படி 3: தடயத்துக்கு மதிப்பெண்

ஷீட்டில் நான்கு பத்தி போதும்: எபிசோடும் நேரமும், என்ன காட்டப்பட்டது, வகை (காட்சி, வசனம், காமிக்ஸ், வெளிச்செய்தி), மதிப்பெண். உங்கள் தியரி இல்லாமல் அந்தக் காட்சியை விளக்குவது ரொம்பக் கஷ்டம் என்றால் 3. விளக்கலாம், ஆனால் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றால் 2. வெறும் அலங்காரமாகவோ வார்த்தை விளையாட்டாகவோ இருக்கலாம் என்றால் 1.

ஆக்னஸ் தியரியின் கணக்கு இது. 4ஆம் எபிசோடின் பலகையில் ஊர்க்காரர்களின் நிஜ அடையாளங்கள் ஒட்டியிருக்க, இவளுக்கு இல்லை: 3. 5ஆம் எபிசோடின் தொடக்கத்தில் காட்சி சொதப்பியதும் வாண்டாவைப் பார்த்து, "மறுபடி முதலிலிருந்து செய்யட்டுமா?" என்று நடிகை போலக் கேட்கிறாள். அதே எபிசோடில் விஷன் தன் ஆபீஸ் சகா நார்மின் மயக்கத்தைக் கலைத்ததும் அந்த மனிதன் கதறுகிறான். மயக்கத்தில் இருப்பவர் விழித்தால் கதறுவார், இவள் நிதானமாகக் கேட்கிறாள் என்றால் மயக்கத்திலேயே இல்லை: 3. எந்தக் காலத்து உடை போட்டாலும் கூடவே வரும் அதே ப்ரூச் (உடையில் குத்தும் அலங்கார ஊசி): 2. அகதா ஹார்க்னஸ் என்ற பெயரின் தலையையும் வாலையும் ஒட்டினால் ஆக்னஸ்: 1.

இன்னொரு 1 இருக்கிறது. முதல் எபிசோடில் ஆக்னஸ், ஜூன் 2 என்று ஒரு பீருக்குப் பேர் வைத்தாலொழியத் தன் புருஷன் ரால்ஃபுக்குக் கல்யாண நாள் ஞாபகம் இருக்காது என்று அலுத்துக்கொள்வாள். அமெரிக்காவின் சேலம் நகரில் சூனிய வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் முதன்முதலாகக் கூடியது 1692 ஜூன் 2. கேட்கப் புல்லரிக்கும். ஆனாலும் 1தான். வருஷத்தின் எந்தத் தேதியைக் கொடுத்தாலும் வரலாற்றில் பொருத்தமாக ஏதாவது கிடைக்கும்.

மொத்தம் 10, அதில் இரண்டு 3. இப்போது மெஃபிஸ்டோ. 2ஆம் எபிசோடில், நுணுக்கங்களில்தான் சாத்தான் இருக்கிறான் என்ற பொருள்பட ஊர்ப் பெண்களின் தலைவி டாட்டி பேச, அவன் அங்கே மட்டுமா இருக்கிறான் என்று ஆக்னஸ் முணுமுணுக்கிறாள்: இரண்டும் சேர்ந்து 2. "குழந்தைகளுக்காக" என்று கூட்டமே கோரஸ் பாடுகிறது: 1. காமிக்ஸில் வாண்டாவின் இரட்டையர் மெஃபிஸ்டோவின் ஆன்மாத் துண்டுகள் என்று 1989இல் கதை வந்தது: 2. மொத்தம் 5, ஒரு 3கூடக் கிடையாது.

நாங்கள் வைக்கும் கோடு: கூட்டல் 8க்குக் குறையக்கூடாது, அதில் இரண்டு 3 வெவ்வேறு எபிசோடிலிருந்து வரவேண்டும். ஒற்றைகளாகவே சேர்த்து 8 தேற்றினால் அது தியரி ஆகாது, ஆசை.

படி 4: காமிக்ஸை மூடிவிட்டுப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அகதா 1970 முதல் மார்வெல் காமிக்ஸில் இருக்கிறாள். வாண்டாவின் இரட்டையர், வெள்ளை விஷன் (வெள்ளை நிறத்தில் மீண்டும் உருவாக்கப்பட்ட விஷன்), மெஃபிஸ்டோ எல்லாம் 1980களின் கதைகளில் கிடைக்கிறார்கள். தொடர் எழுதியவர்கள் அகதாவையும் இரட்டையரையும் வெள்ளை விஷனையும் எடுத்துக்கொண்டு மெஃபிஸ்டோவை விட்டுவிட்டார்கள். எதை எடுப்பார்கள், எதை விடுவார்கள் என்று காமிக்ஸ் சொல்லாது.

ஆகவே ஒரு சோதனை. ஷீட்டில் "காமிக்ஸ்" என்று வகைப்படுத்திய வரிகளையெல்லாம் அழித்துவிட்டு தியரியை மறுபடி எழுதுங்கள். ஆக்னஸ் தியரி "பக்கத்து வீட்டுக்காரி மயக்கத்தில் இல்லை, வேஷம் போடுகிறாள்" என்று சுருங்கும், ஆனால் நிற்கும். அகதா என்ற பெயர்தான் போகும். மெஃபிஸ்டோ தியரியில் "யாரோ ஒருமுறை சாத்தான் என்றார்கள்" என்பதைத் தவிர மிச்சம் எதுவும் இல்லை. காமிக்ஸ் பெயர் சூட்ட உதவும். ஆள் இருக்கிறாரா என்பதைத் திரைதான் சொல்லவேண்டும்.

படி 5: நடிகர் தேர்வு, பேட்டி, செய்தி

இவை எல்லாவற்றுக்கும் 1க்கு மேல் போடாதீர்கள். ஆக்னஸாக நடித்த கேத்ரின் ஹான் போன்ற நடிகையை வெறும் "மூக்கை நுழைக்கும் பக்கத்து வீட்டுக்காரி" என்று 2019இல் அறிவித்தபோதே சந்தேகப்பட்டவர்கள் ஜெயித்தார்கள். அதே தர்க்கத்தில், பஃபி தொடரில் முன்னாள் பேயாக நடித்த எம்மா கால்ஃபீல்ட் வந்திருப்பதால் டாட்டிதான் வில்லி என்றவர்கள் தோற்றார்கள். டாட்டி கடைசியில் மகளை நினைத்துக் கெஞ்சும் சாதாரண அம்மா.

இவான் பீட்டர்ஸ் விஷயம் இன்னும் கொடுமை. எக்ஸ்-மென் படங்களில் குயிக்சில்வராக நடித்தவர் 5ஆம் எபிசோட் முடிவில் வாண்டாவின் அண்ணனாக வாசலில் நிற்கிறார். டிஸ்னி 2019இல் எக்ஸ்-மென் படங்களை எடுத்த ஃபாக்ஸை வாங்கியிருந்தது, ஆக எக்ஸ்-மென் வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் துள்ளினார்கள். கடைசியில் அவர் ரால்ஃப் போனர் என்ற உள்ளூர்க்காரர்.

பேட்டிகளில் நடிகர்கள் விளையாடுவார்கள். வாழ்நாளெல்லாம் சேர்ந்து நடிக்க ஏங்கிய ஒரு நடிகரோடு இதில் நடித்திருப்பதாக, விஷனாக நடித்த பால் பெட்டனி சொன்னார். மார்வெலின் மந்திரவாதி நாயகன் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் முதல் மெஃபிஸ்டோ வரை பெயர்கள் பறந்தன. அவர் சொன்னது தன்னைத்தான்: விஷனும் வெள்ளை விஷனும் அவரே.

சில தடயங்களுக்கு விடை இருந்தும் திரைக்கு வராமல் போகும். எபிசோடுகளுக்கு நடுவே வரும் போலி விளம்பரங்களில் சில, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் வாண்டாவைத் தொடர்புகொள்ள முயல்வதாக முதலில் யோசிக்கப்பட்டவை என்று மார்வெல் ஸ்டூடியோஸ் தலைவர் கெவின் ஃபைகி பிறகு சொன்னார். ஸ்ட்ரேஞ்ச் கதையிலிருந்து நீக்கப்பட்டார், விளம்பரங்கள் தங்கிவிட்டன. ஷீட்டில் ஒரு வரி கடைசிவரை எதிலும் பொருந்தாமல் நின்றால் அதற்காகத் தியரியை வளைக்காதீர்கள்.

படி 6: நிமிடக் கணக்கு

மீதி எபிசோடுகளை எண்ணுங்கள், ஒவ்வொன்றிலும் கடைசி ஆறேழு நிமிடப் பெயர்ப்பட்டியலைக் கழியுங்கள். வாண்டாவிஷன் மொத்தம் 9 எபிசோட். 7ஆவது முடிந்தபோது அகதா வில்லி நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று, ஸ்வார்டின் தலைவர் ஹேவர்ட் இரண்டாவது நாற்காலியில். மூன்றாவதாக ஒரு சாத்தானை அறிமுகம் செய்து, நோக்கம் சொல்லி, தோற்கடிக்க இரண்டு எபிசோடில் இடமில்லை. 7க்குப் பிறகும் மெஃபிஸ்டோவைப் பிடித்துத் தொங்கியவர்கள் இந்தக் கழித்தலைப் போடவில்லை.

படி 7: எதிர்க்கட்சி வக்கீல்

உங்கள் தியரிக்கு எதிரான மிக வலுவான காட்சியைத் தேடி எழுதுங்கள். ஆக்னஸ் விஷயத்தில் அது 6ஆம் எபிசோட். ஊர் எல்லையில் காருக்குள் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள், விஷன் எழுப்பியதும் பயந்து நடுங்குகிறாள். பாவம், இவளும் கைதிதான் என்று தோன்றும். தியரி பிழைக்கவேண்டுமென்றால் "அது நடிப்பு" என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல அந்தக் காட்சியிலேயே ஏதாவது இருக்கிறதா? ஹாலோவீன் என்று அவள் போட்டிருப்பது சூனியக்காரி உடை. மெல்லிய பிடிதான், ஆனால் பிடி. ஒரு பிடியும் கிடைக்காவிட்டால் மொத்தத்திலிருந்து 3 கழியுங்கள்.

படி 8: எழுதி வெளியிடுவது

முதல் வரியில் தியரி, ஒரே வாக்கியம். அடுத்து 3 மதிப்பெண் தடயங்கள் நேரக் குறிப்போடு. பிறகு எதிர்க் காட்சி. கடைசியில் இரண்டு வரி கட்டாயம்: "இது சரியென்றால் அடுத்த எபிசோடுகளில் இன்னது நடக்கும்", "இன்னது நடந்தால் என் தியரி செத்தது". இவை இல்லாத பதிவை நாங்கள் பாதியிலேயே மூடிவிடுவோம்.

தலைப்பில் பாத்திரத்தின் ரகசியப் பெயரைப் போடாதீர்கள். வாண்டாவிஷன் இந்தியாவில் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு வந்தது. ஆபீஸில் இருப்பவர் இரவுதான் பார்ப்பார், பலர் ஞாயிறுவரை தள்ளுவார்கள். திங்கள்வரை தலைப்பு மொட்டையாக இருக்கட்டும்.

படி 9: மார்க் போடுவது

சீசன் முடிந்ததும் ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு தடயத்துக்கும் எதிரே உண்மையான விளக்கத்தை எழுதுங்கள். 3 போட்ட வரிகளில் எத்தனை தேறின என்று எண்ணினால், அடுத்த தொடருக்கு எந்த வகைத் தடயத்தை நம்பலாம் என்று தெரியும். முடிவு சரி, காரணம் தப்பு என்றால் பாதி மார்க். தியரி எந்தத் தொடர், எந்த சீசன் என்று சொன்னதோ அதற்குள் நடந்தால் மட்டுமே கணக்கு. மெஃபிஸ்டோ 2025இல் அயர்ன்ஹார்ட் தொடரில் நடிகர் சச்சா பாரன் கோஹன் உருவத்தில் வந்தே விட்டான். அதைக் காட்டி "அப்பவே சொன்னேன்" என்கிறவர்களுக்கு வாண்டாவிஷன் ஷீட்டில் முட்டைதான்.