மூன்று நாள் கண்காட்சி, கையில் ஸ்டிக்: டிரம்மர்களுக்கு

மே கடைசியில் மும்பையில் பாம் எக்ஸ்போ (PALM Expo) மாதிரி ஒலி, இசைச் சாமான்களின் கண்காட்சிக்கு, ஏதோ ஒரு கம்பெனி ஸ்டாலில் டெமோ வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். சம்பளத்தைப் பேசும் முன்னால் இதைப் பேசுங்கள்: நாளைக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம். என்னை "நாலு தடவைதான் பாஸ்" என்று சொல்லிக் கூப்பிட்டு, முதல் நாளே பதினோரு தடவை உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் டீ கிளாஸைத் தூக்கவே மணிக்கட்டு யோசித்தது.

டிரம் கிட் ஸ்டாலில் இருக்கும், சில்லறைச் சாமான்தான் இருக்காது. ஒரு தடவை பளபளவென்று புது கிட்டை மாட்டி வைத்திருந்தார்கள், ஹை-ஹாட் கிளட்சை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலில் மேல் தட்டைப் பிடிக்கும் திருகு) மட்டும் கோடவுனில் விட்டுவிட்டார்கள், அரை மணி நேரம் நான் ரைடு என்கிற பெரிய சிம்பலை வைத்தே ஒப்பேற்றினேன். அதனால் கிளட்ச், டிரம் கீ இரண்டு, சிம்பல் ஃபெல்ட், பழகிய கிக் பெடல், டேப், ஐந்தாறு ஜோடி ஸ்டிக் எல்லாம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். மாட்டுங்காவிலிருந்து வருபவர்கள் மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் பிடித்து ராம் மந்திரில் இறங்கி, கண்காட்சி நடக்கும் நெஸ்கோ அரங்கத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம். காலைக் கூட்டம் பெரும்பாலும் சர்ச்கேட் பக்கம்தான் போகும், ஆனால் நம் பக்கமும் அந்தேரி வரை நெருக்கடிதான், பெடல் பையை முதுகில் மாட்டாமல் முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி வாசிப்பு. சரக்கு வாங்க வந்து ஸ்டால் முன்னால் நிற்கிற கடைக்காரருக்கு உங்கள் வேகம் வேண்டாம், அந்த டிரம் எப்படிப் பேசுகிறது என்று தெரிந்தால் போதும். முதலில் ஸ்நேர் (அடியில் கம்பிச் சுருள் கட்டிய டிரம்) மட்டும், காதில் விழுமா விழாதா என்கிற அளவுக்கு மெதுவாகத் தொடங்கி, தோலையும் விளிம்பையும் சேர்த்து அடிக்கும் ரிம்ஷாட் வரை ஏற்றுங்கள். டாம்களை ஒவ்வொன்றாக அடித்து ஒலி அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள் (இதுதான் கஷ்டம், நமக்குக் கை சும்மா இருக்காது). சிம்பலில் நடுக்குமிழ், உடல், விளிம்பு மூன்றையும் தனித்தனியே காட்டுங்கள். விலை ஏன் இவ்வளவு என்று நிச்சயம் கேட்பார்கள்: சிம்பல் செய்யும் பி20 வெண்கலத்தில் தாமிரம் 80, தகரம் 20 பங்கு, பி8-ல் தகரம் 8 பங்குதான், அதன் ஒலி கொஞ்சம் கூர்மையாக இருக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. கடைசியில் அரை நிமிடம் ஒரு க்ரூவ், அதாவது சீரான ஒரு தாளக்கட்டு. அவ்வளவுதான், எழுந்து ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவரே தட்டிப் பார்த்தால் பேரம் தானாக நகரும்.

காதில் பிளக் இல்லாமல் அரங்கத்துக்குள் போகாதீர்கள். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில்முறைக் கணக்கு, 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். பக்கத்து ஸ்டாலில் எவனாவது ஸ்பீக்கரைத் திறந்து விட்டிருப்பான், உங்கள் டிரம்மும் சேரும்போது அந்தப் பதினைந்து நிமிடம் காலையிலேயே தீர்ந்துவிடும்.

டிரம் கிட்டின் பிளாஸ்டிக் தோல் ஏசிக்கு அதிகம் மசியாது. மிருதங்கம் கொண்டுவரும் நண்பர்கள்தான் பாவம். வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. தோல் காய்ந்து சுருதி ஏறிவிடும், தொப்பியில் (இடது பக்கத் தோலில்) ஒட்டின ரவையும் சீக்கிரம் காய்ந்து போகும். ஒரு மணி நேரம் முன்னதாகவே கருவியை உள்ளே வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனி மேலாளர்களிடம் ஒப்பந்தம் பேசுவதென்றால் கூட்டம் சேர்வதற்கு முன், காலையில் போங்கள். மத்தியானம் அவர்கள் கண் டீலர் மேல்தான் இருக்கும். ஆர்ட்டிஸ்ட் ஒப்பந்தம் (அவர்கள் கருவியை வாசிக்கும் கலைஞராகச் சேர்வது) என்றதும் இலவசமாக ஒரு கிட் வரும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் கிடைப்பது தள்ளுபடி விலைதான். விசிட்டிங் கார்டு வாங்கினதும் பின்பக்கம் என்ன பேசினீர்கள் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், ராத்திரி பார்த்தால் நாற்பது கார்டும் ஒரே மூஞ்சியாகத் தெரியும்.

ஸ்டாலில் இருக்கும் ஸ்நேர் மேல் ஆசை விழுந்தால் இரண்டாம் நாளே சொல்லி வையுங்கள், திருப்பி ஏற்றிப் போகிற செலவுக்கு யோசித்து டெமோ பீஸைக் குறைத்துத் தருகிறவர்கள் உண்டு. மூன்றாம் நாள் சாயந்திரம் லோடு தூக்குகிற ஆட்கள் வரும் முன்னால் உங்கள் பெடலைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சிவப்பு டேப் ஒட்டியிருந்தும் என்னுடையது ஒரு தடவை பிவண்டி கோடவுன் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.