வலிப்பு மருந்து மூளையில் என்ன செய்கிறது: பட ஆய்வு செய்யும் முறை

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்தால் நோயின் தடமும், வலிப்பு வந்துபோன தடமும், மருந்தின் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாகவே தெரியும். பெனிற்றோயின் என்னும் வலிப்பு மருந்தை நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம் சிறுமூளைச் சுருக்கம் காணப்படுகிறது. ஆயினும் அடிக்கடி வரும் கடும் வலிப்பும் அதற்குக் காரணமாகலாம் என்பதால், ஒரே படத்தை வைத்து மருந்தின்மேல் பழிபோட முடியாது. ஆகவே இம்மூன்றையும் எவ்வாறு பிரிப்பது என்பதைத்தான் ஆய்வாளர் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

புதிதாக நோய் கண்டறியப்பட்டவரை மருந்து தொடங்கும் முன்னரும், மருந்தின் அளவு நிலைபெற்ற பின்னரும், அதே கருவியில் அதே அமைப்புகளுடன் படமெடுத்து ஒப்பிடுவதே சிறந்த வழி. படத்துக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. ஏற்கெனவே மருந்து எடுப்பவரின் மாத்திரையை ஆய்வுக்காக நிறுத்துவது ஆபத்தானது. திடீரென நிறுத்தினால் ஓயாத தொடர்வலிப்பு வரலாம். வைத்தியர் தம் தீர்மானப்படி மருந்தை மாற்றும் வேளையில் அவரை ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வகைப் படம் என்பதைக் கேள்வியே முடிவுசெய்யும். வல்புரோயேற் என்னும் வலிப்பு மருந்து சிலரிடம் ஏற்படுத்தும், மருந்தை நிறுத்தியபின் மீளக்கூடிய மூளைச் சுருக்கத்தை அளக்க, 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள முப்பரிமாண அமைப்புப் படம் போதும். விகபாற்றின் என்னும் மருந்து, நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்னும் மூளை இரசாயனத்தைக் கூட்டுவதை அறிய, அதே கருவியில் இரசாயனங்களின் அளவைக் காட்டும் காந்த நிறமாலை அளவீடு வேண்டும். டொபிரமேற் என்னும் மருந்தை எடுப்பவர்கள் சொல் வாயில் வரவில்லை என்று முறையிடுவதை ஆராய, சொல் தேடும்போது மூளையில் இரத்த ஓட்டம் மாறுவதைக் காட்டும் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. தேவை.

இந்தக் கடைசி வகைக்குத்தான் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் அதிக கவனம் வேண்டும். ஓர் எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் சொற்களை நினைக்கச் சொல்லும் வழக்கமான சோதனை, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மருந்தால் அன்றி, எழுத்துப் பழக்கம் இல்லாமையால் கடினமாகலாம். மரக்கறிகளின் பெயர்களையோ மிருகங்களின் பெயர்களையோ நினைக்கச் சொல்வது நியாயமானது. சோதனையை வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்து, கருவிக்குள் போகுமுன் வெளியே ஒரு தடவை செய்து பார்க்கச் செய்ய வேண்டும்.

அடுத்தது பயணம். ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பேராதனைக்கோ கண்டிக்கோ படமெடுக்க விடியுமுன் புறப்பட்டு வருபவர் உறக்கம் குறைந்தே வருவார். உறக்கக்குறைவு வலிப்பையும் தூண்டும், படத்தையும் மாற்றும். முந்தைய நாளே வரவழைத்துத் தங்கவைப்பதே என் விருப்பம். தேநீரிலுள்ள காஃபீன் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், வழியில் குடித்த வெறுந்தேநீரைக்கூடக் கேட்டுக் குறிக்க வேண்டும். இரு தடவையும் கடைசி மாத்திரைக்கும் படத்துக்கும் இடையிலான நேரம் ஒத்திருக்க வேண்டும். கடைசி வலிப்பு வந்த நாளையும் அன்றைய இரத்த மருந்தளவையும் பதிய வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை எல்லாரும் விழுங்குவதில்லை. மிஞ்சிய மாத்திரைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாலியையும் மூக்குத்தியையும் கழற்ற வேண்டும் என்பதை முன்னரே வீட்டாரிடம் விளக்கினால், வாசலில் வைத்துத் தகராறு வராது. தங்கம் காந்தத்தால் இழுபடாவிட்டாலும் சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். இழந்த நாட்பேருக்கும் (அன்றைய கூலிக்கும்) பயணத்துக்கும் ஈடு கொடுக்க நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். திருமணப் பேச்சு முறியும் என்று நோயை மறைக்கும் குடும்பங்கள் உள்ளன. ஆகவே அழைப்புக் கடிதத்தைத் தோட்ட அலுவலகம் வழியாக அனுப்பவே கூடாது.

படங்களை அளப்பவருக்கு யார் எந்த மருந்தில் இருக்கிறார், எது முந்தைய படம் என்பது தெரியக் கூடாது. எந்த அளவீட்டை முதன்மையாகக் கொள்வது என்பதைப் படமெடுக்கத் தொடங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும். கருவிக்குள் தலை அசைந்த அளவையும் இரு தடவைக்கும் ஒப்பிட வேண்டும். மருந்தால் தூக்கக் கலக்கம் உள்ளவர் வேறு விதமாக அசைவார், அந்த வேறுபாடு மருந்தின் விளைவுபோலவே தோன்றும். எதிர்பாராத கட்டியோ தழும்போ தென்பட்டால், அது ஆய்வுக் கோப்பில் கிடக்காமல் அவருடைய நரம்பியல் வைத்தியரைச் சேர வேண்டும். யார், எத்தனை நாளுக்குள் அறிவிப்பது என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.