டிரெய்லரை ரோட்வர்த்தி சோதனைக்குக் கொண்டுபோகும் முன்

கல்யாணம், காவடி, பதினாறாம் நாள் காரியம் என்று எதுவானாலும் பாத்திரமும் அடுப்பும் பந்தல் கம்பியும் வாடகைக்குக் கொடுப்பது எங்கள் தொழில். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் கடை. சரக்கெல்லாம் பக்கியின் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) பின்னால் மாட்டிய ஒற்றை அச்சு டிரெய்லரில்தான் போகிறது. ஊரில் யாராவது டிரெய்லர் வாங்கினால் நேரே என்னிடம் வந்து, "அக்கா, இந்த ரோட்வர்த்தி சோதனையால் யாருக்கு என்ன லாபம்? பணம் பிடுங்கும் வேலைதானே?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ரோட்வர்த்தி என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை. ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் சட்டம். 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், மொத்த எடை (பாரத்தையும் சேர்த்து அனுமதித்த உச்ச எடை) 3,500 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிகளும், மினிபஸ் டாக்ஸிகளும், பஸ்களும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக் காருக்கும் சிறு டிரெய்லருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. வண்டி கைமாறிப் புதிய பெயரில் பதிவாகும்போது ஒரு சோதனை, அத்தோடு சரி. ஆண்டுதோறும் உரிம வில்லையைப் புதுப்பிக்கிறோமே, அதற்குப் பணம் கட்டினால் போதும். வண்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரே குடும்பத்தில் 20 ஆண்டு கிடக்கும் டிரெய்லர் அத்தனை ஆண்டும் சோதனைக் குழியின் முகத்தில் விழிக்காமலே ஓடலாம். 10 ஆண்டு கடந்த வண்டிகளை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கலாம் என்ற யோசனை நெடுநாளாகப் பேச்சோடு நிற்கிறது.

மற்ற இடங்களில் என்ன வழக்கம் என்றால், கடலுக்கு அப்பால் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பிரெஞ்சுச் சட்டப்படி காருக்கு நான்கு வயது நிறைவதற்குள் முதல் சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமோ 2025 ஜனவரியிலிருந்து தனியார் வண்டிகளுக்கான கட்டாயப் பாதுகாப்புச் சோதனையையே எடுத்துவிட்டது. இப்போதைய கார்கள் நன்றாகச் செய்யப்படுகின்றன, செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்பது எடுக்கச் சொன்னவர்கள் வாதம். காரைப் பொறுத்தவரை அதில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். கார் வாயில்லாத பிராணி இல்லை. பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், முகப்பில் ஒரு விளக்கு எரிந்து மிரட்டும். ஓட்டுகிறவர் காலுக்கும் கைக்கும் செய்தி வந்துவிடும்.

டிரெய்லரிடமிருந்து எந்தச் செய்தியும் வராது. ஐந்தாறு மீட்டர் பின்னால் பேரிங் அரைத்துக்கொண்டிருந்தாலும் ஜன்னலை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கிறவருக்குத் தெரியப்போவதில்லை. போதாததற்கு, மாதக்கணக்கில் முற்றத்தில் மழையில் நின்றுவிட்டு, ஈஸ்டருக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ ஒரே நாளில் முழுப் பாரத்தோடு கிளம்பும். அதனால் கட்டாயச் சோதனை யாருக்காவது உண்மையில் தேவை என்றால் அது டிரெய்லருக்குத்தான். அரசு அதைக் கொண்டுவரும்வரை ஆண்டுக்கு ஒரு முறை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

சான்றிதழ் இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2013 செப்டம்பர் 5 அன்று டர்பனுக்கு அருகே பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு கனரக லாரி நிற்க முடியாமல் வந்து டாக்ஸிகள்மேல் மோதியது. 24 பேர் இறந்தார்கள். கட்டாயச் சோதனைக்கு உட்பட்ட வகை வண்டிதான் அதுவும். சோதனைக் குழியில் நிற்கும் நாளன்று வண்டி எப்படி இருந்தது என்பதைத்தான் சான்றிதழ் சொல்லும். மறுவாரம் எப்படி இருக்கும் என்பது உரிமையாளர் கையில் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, மற்றதை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டும் வேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, ஸ்பிரிங்கின்மேல் விரல் நுனியை வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனது என்றால் மணல் அரைபடுவது போல ஒரு நடுக்கம் விரலில் ஏறும், காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே. பிறகு சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னுமாக அசையுங்கள். டக் டக்கென்று ஆடினால் நட்டைச் சரிசெய்ய வேண்டும், அல்லது பேரிங்கையே மாற்ற வேண்டும். சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் குடத்தை ஹப் என்பார்கள். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றிலோ கடலோரத்திலோ படகு இறக்கும் டிரெய்லர்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான். அப்போது பேரிங்கோடு பின்பக்க எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். சீலில் மிச்சம் பிடிப்பவர் அடுத்த ஆண்டு பேரிங்கை மறுபடி வாங்குவார்.

டயர். சட்டம் கேட்பது அகலம் முழுவதும், சுற்று முழுவதும் குறைந்தது 1 மில்லிமீட்டர் பள்ளம். டிரெய்லர் டயர் அதில் தோற்பது அபூர்வம், ஏனென்றால் அது ஓடித் தேய்வதைவிட நின்று கிழடாவதுதான் அதிகம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கச்சுவரை அழுத்தும்போது மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தால் அந்த டயரைப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் விடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை டயர் இருக்கட்டும்.

பிரேக் விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். மொத்த எடை 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்கு, அதை இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதியைத் தாண்டாதவரை, பிரேக் தேவையில்லை. 750-க்கு மேல் 3,500 வரை பிரேக்கும் ஹேண்ட்பிரேக்கும் கட்டாயம். முன்னால் போகும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முட்டி, அந்த அழுத்தத்தாலேயே பிடிக்கும் வகை பெரும்பாலும் போதும். அதைச் சோதிப்பது எளிது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு பேர் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. விட்டபிறகு தடையில்லாமல் உருள வேண்டும். முன்பக்கக் கம்பத்தை உள்ளே தள்ளினால் கனத்த எதிர்ப்போடு மெதுவாகப் போக வேண்டும். பொதுக்கென்று உள்ளே போனால் அதிர்வடக்கி செத்துவிட்டது. கேபிளில் துரு ஏறி இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் புதிது போடுங்கள். டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பிக் கயிறு ஒன்று உண்டு. அதை இழுக்கும் வண்டியின் சட்டத்தில் (சேசிஸ் இரும்பில்) மாட்ட வேண்டும். டிரெய்லரை மாட்டும் டோ-பாரின் பந்தின் கழுத்தில் சும்மா சுற்றிவிட்டுப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இந்த 750-க்கு இன்னொரு முகமும் உண்டு. மொத்த எடை அதைத் தாண்டிய டிரெய்லரை இழுக்க கார் ஓட்டும் சாதாரண பி உரிமம் போதாது, கனமான டிரெய்லருக்கான ஈபி உரிமம் வேண்டும். விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

விளக்குகளைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். என் தம்பி மகன் பின்னால் நின்று கத்துவான், நான் பெடலை மிதிப்பேன். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாகத் துடித்தால், பல்பைக் குறை சொல்லாதீர்கள். தரை இணைப்புக் கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. கம்பி சட்டத்தைத் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பில் முடுக்கினால் பாதி நோய் தீரும். மீதிப் பாதி ஏழு முள் பிளக்கில் இருக்கும் பச்சைக் களிம்பு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் பிரதிபலிப்பான்கள் இருக்கின்றனவா, எண் பலகை விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காசு செலவில்லாத இந்தச் சில்லறைக் குறைகளுக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஏராளம்.

எங்கள் பக்கம் கடல் காற்று. சட்டத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்கும் இடத்தில் பெயின்டுக்கு உள்ளே துரு தின்றிருக்கும். ஸ்பிரிங் கட்டுகளும் கப்ளர் (டோ-பார் பந்தைக் கவ்வும் பகுதி) போல்ட்டுகளும் முக்கியம். விற்பதற்காகப் புதிதாகக் கறுப்பு அடித்த டிரெய்லரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

சோதனை நிலையத்தில் முதலில் பதிவுத் தாளையும் சட்டத்தில் வெட்டிய எண்ணையும் ஒப்பிடுவார்கள். பெயின்டால் மூடியிருந்தால் முன்பே சுத்தம் செய்யுங்கள். வெற்று எடையும் மொத்த எடையும் காட்டும் தகடும் படிக்கும்படி இருக்கட்டும். தோற்றால் குறைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 14 நாட்களுக்குள் சரிசெய்து மறுசோதனைக்குப் போகலாம். தேர்ச்சி பெற்ற சான்றிதழ் 60 நாட்கள் செல்லும், அதற்குள் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். வண்டியே வரவேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிடும் என்று வாசலில் நின்று ஆள் பிடிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் வாங்கிய காகிதம் குற்றம் என்பது ஒருபுறம். சோதிக்கப்படாத பேரிங்கும் சேர்ந்தே உங்களுக்கு விற்கப்படுகிறது.

எந்தச் சோதனையாளரும் பார்க்காதது பாரம். அவர் பார்ப்பது காலி டிரெய்லர். பாரத்தில் கொஞ்சம் கூடுதல் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும், ஆனால் பக்கியின் பின்பாகம் தாழும் அளவுக்குக் கூடாது. பின்னால் கனம் ஏறினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் பிரேக்கைப் பலமாக மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். நாங்கள் பிரியாணிக் குண்டான்களை அச்சின்மேல் நடுவில் கவிழ்த்து அடுக்கி, கேஸ் சிலிண்டர்களை முன்பக்கம் நிமிர்த்திக் கட்டி, நாற்காலிகளைக் கடைசியில் வைக்கிறோம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வேலை இருக்கும் நாட்களில், என்3 நெடுஞ்சாலை ஏற்றத்தில் வரும் முதல் பெட்ரோல் நிலையத்திலேயே நிறுத்தி, ஸ்பானரை எடுப்பதற்கு முன் இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு இருக்கலாம். ஒன்று மட்டும் கையை வைக்க முடியாதபடி கொதித்தால் வண்டி அங்கேயே நிற்கும். பாத்திரங்களை ஏற்றிப்போக வேறு வண்டிக்குப் போன் போடுவேன்.