கராத்தேயில் ஸ்டைல் மாறும்போது செய்யும் தவறுகள்

ஷோட்டோகான் என்ற கராத்தே ஸ்டைலை ஏழு வருடம் பழகிவிட்டு, முதல் முறையாக கோஜு ரியூ என்ற வேறொரு ஸ்டைலின் வகுப்புக்குப் போனேன். முன்கால் மடக்கி, பின்கால் நீட்டி, நன்றாகத் தாழ்ந்து நின்றேன். அத்தனை வருடம் பாராட்டு வாங்கிய நிலை அது. அங்கிருந்த சென்செய் (ஆசிரியர்) குறை எதுவும் சொல்லவில்லை. ஒரு முழ தூரத்துக்கு நெருங்கி வந்து நின்று, என் முழங்கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார், அவ்வளவுதான், நான் தரையில் கிடந்தேன். அப்புறம் அவர் சொன்னது: "இந்த நிலை தப்பில்லை, இந்த தூரத்துக்கு இது இல்லை."

ஸ்டைல் மாறுகிறவர்கள் செய்கிற முக்கால்வாசித் தவறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கராத்தே என்றால் எல்லாம் ஒன்றுதான், கொஞ்சம் பெயர் மாறும், கொஞ்சம் கை மாறும் என்று நினைத்துப் போகிறோம். ஆனால் ஒவ்வொரு ஸ்டைலும் எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நிற்பது, மூச்சு விடுவது, தடுப்பது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. ஷோட்டோகான் தூரத்திலிருந்து பாய்ந்து உள்ளே நுழைகிறது, அதனால் நீளமான நிலை, இடுப்பை முழுதாகத் திருப்பி விடும் குத்து. கோஜு ரியூ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, கை கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் அதன் சான்சின் நிலையில் கால்கள் தோள் அகலத்துக்கு மேல் போகாது, ஒரு காலின் குதிகாலும் மறு காலின் விரல் நுனியும் ஏறக்குறைய ஒரே கோட்டில், பாதம் உள்நோக்கி. யாராவது பிடித்து இழுத்தாலும் வேரோடு நிற்கத்தான் அது. இதைப் பார்த்து "என்ன இது, குட்டையாக நிற்கிறார்கள்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வேறுபாடு நேற்று வந்ததில்லை. ஒகினாவா தீவில் ஷூரி, நாஹா, தோமாரி என்று ஊர்ப் பெயரால் வழங்கிய கை வித்தைகள்தான் மூலம். ஷூரி பக்கம் வந்த இட்டோசுவிடம் பயின்றவர் ஃபுனகோஷி. அவர் 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோய்க் காட்டிய கராத்தேதான் பிறகு ஷோட்டோகான் ஆனது. நாஹா பக்கம், சீனாவின் ஃபூஜோவுக்குப் போய்க் கற்றுவந்த ஹிகாவோன்னாவின் மாணவர் மியாகி, அவருடையது கோஜு ரியூ. இட்டோசு, ஹிகாவோன்னா இரண்டு பேரிடமும் படித்தவர் மபுனி. தன் இரண்டு ஆசிரியர்களின் பெயர்களிலிருந்து ஆளுக்கு ஓர் எழுத்தை எடுத்து, அதை வேறு உச்சரிப்பில் படித்து தன் ஸ்டைலுக்கு ஷிட்டோ என்று பெயர் வைத்தார், எனக்கு இந்தப் பெயர்க் கதை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் ஷிட்டோ ரியூவில் கட்டாக்கள், அதாவது தனியாகச் செய்யும் வரிசை அசைவுகள், அவ்வளவு அதிகம், இரண்டு வீட்டுச் சொத்தும் அங்கே இருக்கிறது.

கட்டா விஷயத்தில்தான் சண்டையே வரும். ஷோட்டோகானின் ஹெயான் நிதான் கட்டா தெரிந்த ஒருவர் ஷிட்டோ ரியூ வகுப்பில் அதே கட்டாவை பினான் ஷோதான் என்ற பெயரில் பார்த்துவிட்டு, "கட்டாவைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள்" என்பார். நடந்தது நேர்மாறு. பினான் என்பது இந்தக் கட்டா வரிசைக்கு இட்டோசு வைத்த பழைய பெயர். ஜப்பானியர் காதுக்கு இசைவாக இருக்கட்டும் என்று ஹெயான் ஆக்கியவர் ஃபுனகோஷி, முதல் இரண்டின் வரிசையை மாற்றியதும் அவர்தான். அந்தக் கட்டாவில் ஷோட்டோகான்காரர் பக்கவாட்டில் உதைக்கும் இடத்தில் மற்ற பல பள்ளிகளில் நேர் உதைதான் வரும். கைக்கத்தித் தடுப்பு வரும் இடத்தில் ஷோட்டோகானில் நீளமான பின்னிலை, ஷிட்டோவில் குறுகிய பூனை நிலை. ஃபுனகோஷி கான்கு தாய் என்று அழைத்த கட்டாதான் வாடோ ரியூ என்ற இன்னொரு ஸ்டைலில் கூஷான்கு, ஷிட்டோவில் கோசோகுன் தாய். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஷோட்டோகானின் ஹங்கெட்சு, கோஜுவின் செய்சான் இரண்டுக்கும் பூர்வீகப் பெயர் ஒன்றே, ஆனால் அடுத்தடுத்து செய்து பாருங்கள், இரண்டு வேறு உடம்புகள் கேட்கும். ஆக, பெயரை வைத்து இரண்டு கட்டா ஒன்றா வேறா என்று முடிவு செய்ய முடியாது. அதைவிட முக்கியம், புதிய வகுப்பில் கட்டா சொல்லித்தரும்போது "எங்களிடம் இது இப்படி" என்று வாய் திறக்காதீர்கள். முதல் ஆறு மாதம் தெரியாதவர் போலவே கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்த கட்டா என்று நினைத்துச் செய்யும்போது உடம்பு பழைய கணக்கிலேயே ஓடும், எதுவும் ஒட்டாது.

வாடோ ரியூவுக்கு மாறுபவர்கள் இன்னொரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். அதை உருவாக்கிய ஓட்சுகா, ஃபுனகோஷியிடம் கராத்தே படிக்கும் முன்பே ஷிந்தோ யோஷின் ரியூ ஜுஜுட்சுவில் தேர்ந்தவர். அதனால் வாடோவில் தடுப்பதும் விலகுவதும் அடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். வருகிற குத்தைக் கோட்டிலிருந்து விலகி வழியவிட்டு, அதே கணத்தில் உள்ளே போவது. ஷோட்டோகான் பழகியவருக்கு ஆரம்பத்தில் சொல்லித்தருவது முதலில் தடு, பிறகு அடி. அந்தப் பழக்கத்தோடு வாடோ ஜோடிப் பயிற்சிக்குப் போனால் எதிராளியின் கையை ஓங்கி வெட்டுவார், வாடோக்காரர் முகம் சுளிப்பார். திருப்பி, வாடோக்காரர் ஷோட்டோகான் வகுப்பில் நின்றால் "வலுவே இல்லை" என்பார்கள். இரண்டு தீர்ப்பும் அநியாயம்.

அடிபடுகிற தவறு ஒன்று இருக்கிறது, இதை உண்மையிலேயே கவனிக்கச் சொல்கிறேன். கியோகுஷின் என்ற ஸ்டைலின் போட்டியில் முழு வேகத்தில் அடிக்கலாம், தலைக்கு உதைக்கலாம், ஆனால் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அந்த விதியில் வருடக்கணக்கில் பழகிய உடம்பு கையை மார்பளவில் வைத்து நெருங்கி நின்று எதிராளியின் உடம்பில் குத்தும். அதே ஆள் முகத்துக்குக் குத்து அனுமதிக்கும் வகுப்பில் முதல் குமித்தே (சண்டைப் பயிற்சி) ஆடினால், திறந்த முகத்தில் ஒன்று வாங்கிக்கொண்டுதான் ஞாபகம் வரும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். புள்ளி முறைப் போட்டியில் குத்துக்கு 1, வயிற்று உதைக்கு 2, தலை உதைக்கு 3 என்று எண்ணிப் பழகியவர் ஒன்று தொட்டதும் வேலை முடிந்தது என்று தளர்வார். கியோகுஷின்காரர் அப்போதுதான் தொடையில் உதைக்க ஆரம்பிப்பார். போகும் முதல் நாளே சென்செய்யிடம் எந்த விதியில் ஆடுகிறீர்கள், முகம் உண்டா, தொடை உண்டா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

பெல்ட் பற்றி நீட்ட வேண்டாம். 'தான்' எனப்படும் கறுப்பு பெல்ட் படிகள் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை, ஃபுனகோஷி முதன்முதலில் 'தான்' பட்டம் கொடுத்தது 1924இல். நிறங்களின் வரிசை அமைப்புக்கு அமைப்பு மாறும், ஒரே ஸ்டைலுக்குள்ளேயே மாறும். உங்கள் பச்சை அங்கே பச்சையாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், வெள்ளை கட்டச் சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

பெயர் ஒலியில் ஏமாறுவதும் சகஜம். ஷோரின் ரியூ என்பது ஷூரி வழி வந்த ஒகினாவா கராத்தே. ஷோரின்ஜி கெம்போ 1947இல் ஜப்பானில் தொடங்கிய தனி வழி. ஷாவோலின் குங்ஃபூ சீனாவில். மூன்றும் ஒன்று என்று நினைத்து ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றதைத் தேடியவர்கள் உண்டு. டேக்வாண்டோவை உதை அதிகமான கராத்தே என்பதும் இந்த வகைதான். அந்தப் பெயரை 1955இல் முன்வைத்த சோய் ஜப்பானில் ஷோட்டோகான் கற்றவர் என்பது உண்மை, ஆனால் இன்றைய டேக்வாண்டோவின் தூரமும் காலசைவும் வேறு, அதற்குள்ளேயும் இரண்டு பெரிய அமைப்புகளின் விதிகள் வேறு.

சரி, புதிய வகுப்பில் சேரும் முன் என்ன செய்யலாம்? ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கட்டாவைப் பார்க்காதீர்கள், ஜோடிப் பயிற்சியைப் பாருங்கள். எதிரெதிரே நிற்கும் இருவரின் முன்கால்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, குத்து வரும்போது பின்னால் போகிறார்களா, பக்கம் விலகுகிறார்களா, இல்லை ஒட்டிக்கொண்டு பிடிக்கிறார்களா? வீட்டுக்கு வந்து உங்கள் பழைய நிலையில் நின்று, அந்த இடைவெளியில் ஒரு நாற்காலியை வைத்துக் குத்திப் பாருங்கள். உங்கள் உடம்பில் எதை மாற்ற வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.