படைவீரருக்கு நன்றி சொல்லும் வழிகள்

இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடிக்காகத் தரும் பணம், போரில் கணவரை இழந்தோர், உடல் உறுப்பை இழந்த வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் நலனுக்குச் செல்கிறது. உண்டியல் தேடி வரட்டும் என்றிராமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்து நேரடியாகச் செலுத்தி, ரசீது பெற்றுக்கொள்வது நல்லது.

ஆனால் பணத்தைவிடப் பெரிய உதவி நம் நேரம்தான். மகன் எல்லையில் இருக்க, ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு வங்கிக்கும் மருத்துவமனைக்கும் துணை போகலாம். ஓய்வூதியம் பெறும் முதியோர் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் அளித்தாக வேண்டும். உழைத்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுத்து, பக்கத்துத் தெரு மூதாட்டி வெறுங்கையோடு திரும்பினால், கைபேசியில் முக அடையாளத்தின் வழியே அதை முடித்துத் தரலாம். நீண்ட மேடைப் பேச்சைவிட இது அவருக்குப் பயன்படும்.

களப்பகுதியில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவோர் அவருடைய படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றோடு, குடும்பத்தார் தரும் பின்கோடு எண்ணையும் 56 ஏ.பி.ஓ. போன்ற ராணுவ அஞ்சல் குறியீட்டையும் எழுதினால் போதும், ஊர்ப்பெயர் வேண்டியதில்லை. அவருடைய பணியிடத்தையும் பயண நாளையும் முகநூலில் பகிர்வது, பாராட்டும் நோக்கில் செய்தாலும், ஆபத்தானது. விடுப்பில் வந்தவரிடம் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்பதையும் தவிர்க்க வேண்டும்.