ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கல்லறைத் தோட்டத்தைப் பார்வையிடுவது எப்படி?

ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்த கையோடு ஊட்டியை விட்டு இறங்கிவிடுவோர் பலர். இந்த ஊர் உருவான காலத்து மனிதர்களோ செயின்ட் ஸ்டீபன் ஆலயத்தின் பின்புறச் சரிவில், மரங்களுக்கிடையே உறங்குகிறார்கள். அங்கே செல்ல ஒரு வாரநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு காலை ஆராதனைக்குரியது. ஜனவரி முதல் மார்ச் வரை தரை காய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாசி படிந்த படிகள் வழுக்கும் என்பதால், எந்தப் பருவத்திலும் பிடிமானமுள்ள காலணியோடு செல்வதே நல்லது.

முதலில் ஆலயத்திற்குள் சென்று, அங்குள்ள பணியாளரிடம் அனுமதி கேளுங்கள். 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இக்கட்டடத்தின் பெரிய உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சரிவில் இறங்குங்கள்.

முதலில் தேட வேண்டியது சல்லிவன் குடும்பத்தின் கல்லறையை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் 1855-இல் இங்கிலாந்தில் இறந்தார். 1838-இல் இறந்த அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இந்த மண்ணிலேயே தங்கிவிட்டனர். ஊரை அமைத்தவரைக் காட்டிலும் அவர் விட்டுச்சென்றவர்களின் கல்லே எனக்கு அதிகம் பேசுகிறது.

கல்வெட்டுகளைப் படிக்கச் சாய்வான காலை வெயிலே உகந்தது. வெயில் இல்லையெனில் கைப்பேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தால், நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பித் தெரியும். பழைய பளிங்குக் கற்களில் எழுத்துகளை ஈயத்தால் பதிப்பதுண்டு. ஈயம் உதிர்ந்திருந்தாலும், அதைப் பிடித்திருந்த துளைகளின் வரிசையைக் கொண்டு பெயரை ஊகித்துவிடலாம். பாசியைச் சுரண்டுவதும் சுண்ணக்கட்டி பூசுவதும் கூடவே கூடாது, ஏனெனில் அத்துடன் கல்லின் மேற்பரப்பும் போய்விடும். சாய்ந்து நிற்கும் சிலுவைகளில் கை ஊன்றாதீர்கள். கல்லறை மேல் அமர்ந்து படம் எடுப்போரையும் கண்டிருக்கிறேன். யாருடைய தாத்தா பாட்டியாக இருந்தாலும் அது முறையல்ல.

நேரம் மிஞ்சினால் ஏரிக்கு அருகிலுள்ள செயின்ட் தாமஸ் ஆலயத்திற்கும் செல்லலாம். ஊட்டியில் 1881-இல் காலமான சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் உயர்ந்த நினைவுத்தூண் அங்கே இருக்கிறது. ஏரிக்குப் போகிறவர்களுக்கு அதற்கெனத் தனிப் பயணம் தேவையில்லை.